காளவாய் நெருப்பும் ஆறு தோணிகளும்

கேட்கிறவர்கள் கிட்டே வாருங்கள். தூங்கப் போகிறவர்கள் குறட்டை விடாமல் தூங்குங்கள். வெகு காலத்துக்கு முன்னால், சேந்தன் என்ற அரசன் ஆண்டபோது, ஆறு கடலோடு சேருகிற கிளிஞ்சல்துறையில் நடந்த கதை இது.

அந்த ஊரில் கோலப்பன் என்றொரு மீனவன் இருந்தான். கொடுவா பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கொடுவா இருட்டிய பிறகுதான் வரும். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கும் நேரம் பார்த்து, இறாலைத் தேடிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வரும். இறாலைக் கவ்வும்போது தண்ணீரில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மீன் ஒரு முழமா இரண்டு முழமா என்று கோலப்பன் சொல்லிவிடுவான். அதனால் அவனுக்குத் தன் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம். வாயைப் பற்றியும்தான்.

தினமும் பொழுது சாய்ந்ததும் ஆறு தோணிகள் கோலப்பன் தலைமையில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போகும். நடுச்சாமத்துக்கு மேல் திரும்பி வரும். உள்ளே வருவதற்கு இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு தோணி நுழைகிற அளவுக்குத்தான் வழி. கொஞ்சம் விலகினாலும் அலை தூக்கிக் கவிழ்த்துவிடும். ஆனாலும் ஒருவருக்கும் பயம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டே வந்துவிடுவோம் என்று பெருமை பேசுவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டா வந்தார்கள்? கரையில் ஒரு நெருப்பு எரிந்தது. அதற்கு நேராகத் தோணியின் மூக்கை வைத்தால் வழி தானாக வந்துவிடும். முப்பது வருஷமாக அப்படித்தான் வந்தார்கள். ஆனால் நெருப்பைப் பார்த்துத்தான் வருகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

அந்த நெருப்பு மூக்காயியின் சுண்ணாம்புக் காளவாயில் எரிந்த நெருப்பு. பகலெல்லாம் கிளிஞ்சல் பொறுக்குவாள், இரவெல்லாம் அதைச் சுட்டு நீறாக்குவாள். ஊரில் யார் வீடு கட்டினாலும் அவள் சுண்ணாம்புதான். புகையில் இருமி இருமி அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஊரார் அவளுக்கு வைத்த பெயர் புகைக்காரி.

இப்படி இருக்கையில் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் வராததால் இறால் வரவில்லை. இறால் வராததால் கொடுவாவும் வரவில்லை. மீனவர்கள் முதலில் காற்றைத் திட்டினார்கள். பிறகு பக்கத்து ஊர் வலைக்காரர்களைத் திட்டினார்கள். மூன்றாவதாகத் திட்ட ஆள் தேடியபோது மூக்காயியின் காளவாய் கண்ணில் பட்டது.

காளவாய் வெளிச்சம் தண்ணீரில் விழுவதால்தான் கொடுவா மிரண்டு ஓடுகிறது என்றான் கோலப்பன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் அரண்மனைக்குப் போய் அரசனிடமும் அதையே சொன்னான். அரசனுக்குக் கொடுவாக் குழம்பு என்றால் உயிர். உடனே ஆணை பிறந்தது. முகத்துவாரக் கரையில் இரவில் யார் தீ மூட்டினாலும் நாடு கடத்தப்படுவார். காவலர்கள் வந்து காளவாயின் வாயைக் களிமண்ணால் பூசி முத்திரை வைத்தார்கள். விறகையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மூக்காயி அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. "இனி என்னத்த காய்ச்சிக் குடிக்க?" என்று மட்டும் கேட்டாள்.

அது பௌர்ணமியை ஒட்டிய நேரம். நிலவு வெளிச்சத்தில் தோணிகள் சுகமாகப் போய் வந்தன. பத்து நாளில் மேற்கே மலையில் நல்ல மழை பிடித்தது. ஆற்றில் செம்மண் கலந்த புதுத் தண்ணீர் வந்தது, இறால் வந்தது, பின்னாலேயே கொடுவாவும் வந்தது. கோலப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் சொன்னேன் பார்த்தீர்களா, தீ அணைந்தது, மீன் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அமாவாசை வந்தது. வானம் முழுக்க மேகம். அன்றைக்கு முகத்துவாரத்துக்கு வெளியே 'டப் டப்' என்று எங்கு பார்த்தாலும் சத்தம். தூண்டிலைப் போடப் போட மீன். கோலப்பனுக்கு மட்டும் ஒன்பது கொடுவா. முதலில் மாட்டியது இரண்டரை முழம் இருந்தது.

போதும் என்று தோணிகளைத் திருப்பினார்கள். திருப்பிய பிறகுதான் தெரிந்தது, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எங்கும் மை பூசியதுபோல இருட்டு.

கோலப்பன் தன் காதை நம்பி, அலைச் சத்தம் குறைவாக இருந்த இடது பக்கம் போனான். தோணி மணலில் இடித்து நின்றது. தள்ளி எடுத்து வலது பக்கம் போனான். அலை ஒன்று எழும்பி முழங்காலளவு தண்ணீரை உள்ளே கொட்டியது. தோணி தாழ்ந்தது. மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் வீசினான். எட்டு போயிற்று, முதலில் மாட்டியது மட்டும் மிஞ்சியது. மூன்றாம் முறை நங்கூரம் போட்டு விடியும்வரை நிற்கலாம் என்று பார்த்தான். கயிறு அறுந்தது. பின்னால் ஐந்து தோணிகளிலும் ஆட்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவனை நம்பித்தானே வந்தார்கள். அவனும் கரையை நோக்கிக் கத்தினான். கத்துவதைத் தவிர அவனிடம் வேறொன்றும் மிச்சம் இல்லை.

அப்போது இருட்டுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. பொட்டு பெரிதாகி, பனை உயரத்துக்கு எழுந்தது. காளவாய் இருந்த அதே இடம். கோலப்பன் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகவே தோணியின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பியது. ஆறு தோணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து சேர்ந்தன.

கரையில் காளவாயை ஒட்டி இருந்த மூக்காயியின் குடிசை எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு சட்டியையும் ஒரு சல்லடையையும் மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். விறகு இல்லை. எரிக்க அவளிடம் இருந்தது கூரை ஒன்றுதான்.

விடிந்ததும் காவலர்கள் அவளைச் சபைக்கு இழுத்துப் போனார்கள். மீனவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஆணை தெரியுமா என்று அரசன் கேட்டான். தெரியும் என்றாள். தீ மூட்டியது நீதானா என்றான். நான்தான் என்றாள். தெரிந்தும் ஏன் செய்தாய் என்றான்.

"கூப்பாடு போட்டாங்க ராசா. காதைப் பொத்திக்கிட்டு படுத்திருக்கவா முடியும்?"

அரசன் கோலப்பனைப் பார்த்துச் சொன்னான். "உன் பேச்சை நம்பித்தான் ஆணை போட்டேன். உன் பேச்சு சரி என்றால் இவள் நாட்டை விட்டுப் போக வேண்டும். தப்பு என்றால், பொய்ப் புகார் சொன்ன நீ போக வேண்டும். எது?"

கோலப்பன் மனசு ஒரு கணம் ஆடியது, மறைப்பானேன். தீ அணைந்த பிறகு மீன் வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு, வாசல், தோணி எல்லாம் மிஞ்சும். ஆனால் கண்ணுக்குள் அந்தக் கூரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"தப்பு ராசா," என்றான். "மழை வந்துச்சு, மீன் வந்துச்சு. தீ மேல பழியப் போட்டது நான்தான். முப்பது வருஷமா அந்தத் தீயப் பாத்துத்தான் வீடு வந்து சேந்திருக்கோம். அது நேத்து ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. நான் போறேன். தாயி இருக்கட்டும்."

மூக்காயி கரகரத்த குரலில் குறுக்கிட்டாள். "இவன் போயிட்டா எனக்குக் கூரை யாரு ராசா வேய்வா?"

அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆணையை நீக்கி, காளவாயின் முத்திரையை உடைக்கச் சொன்னான். கோலப்பன் ஊரிலேயே இருக்கலாம், ஆனால் மூக்காயிக்குப் புதுக் குடிசை கட்டித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான்.

அன்றைக்கே கோலப்பன் ஓலை கொண்டுவந்து வேய்ந்தான். வாசலில் அந்த இரண்டரை முழக் கொடுவாவைத் தொங்கவிட்டான். தீர்ப்பு அதோடு முடிந்தது. ஆனால் அடுத்த நாளும் வந்தான், தலையில் ஒரு கட்டு விறகோடு. அதற்கடுத்த நாளும் வந்தான். மூன்றாம் நாள் மூக்காயி கேட்டேவிட்டாள்.

"எதுக்கு இது? முப்பது வருஷமும் உனக்காகவா எரிச்சேன்? என் கஞ்சிக்காக எரிச்சேன். அந்த ஒரு ராத்திரிதான் உங்களுக்காக எரிச்சேன்."

"அந்த ஒரு ராத்திரிக்குக் கூரை போட்டாச்சு தாயி," என்றான் கோலப்பன். "மத்த ராத்திரிக்கெல்லாம்தான் விறகு."

அன்று முதல் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தோணியும் காளவாய்க்கு ஒரு கட்டு விறகு போட்டுவிட்டுத்தான் போனது. அதனால் கேட்கிறவர்களே, நமக்கென்று ஏற்றாத விளக்காக இருந்தாலும், அதன் வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்தவர் அதை ஏற்றியவருக்கு நன்றி செலுத்தியே ஆக வேண்டும்.