ஃப்ரிட்ஜுக்குள் போன மாத்திரை

திண்டுக்கல்லில் ஒரு மெடிக்கல் ஷாப். அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவள் தமயந்தி. ஒருநாள் முதலாளியின் மச்சான் வில்லவராயன், தான் தயாரித்த, உயரம் கூட்டும் வளர்ச்சி மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். டப்பா மேல் ஸ்டெதஸ்கோப் மாட்டிய அவர் படம். அவர் காலிலோ குதிகால் உயர்த்திய ஷூ.

"டாக்டர் எழுதித் தர்ற ஹார்மோன் ஊசியும் இதுவும் ஒண்ணுதான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லு. முடியாதுன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"ஒண்ணுதானே சார்? அப்படியே செஞ்சிடுறேன்" என்றாள் தமயந்தி.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். மகளுக்கு மாதாமாதம் வளர்ச்சி ஊசி வாங்கும் ஜெசிந்தா, ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வில்லவராயன் நுழைந்தார். அலமாரியில் ஒரு டப்பாகூட இல்லை. எல்லாம் ஊசிகளோடு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினே?"

"நீங்கதான் சார் ரெண்டும் ஒண்ணுன்னீங்க. ஊசி வெளியே இருந்தா ஹார்மோன் கெட்டுப்போயிடும். சீட்டு இல்லாம கொடுத்தா கேஸ் ஆயிடும். அதான் இதையும் அப்படியே வெச்சேன்."

வில்லவராயனுக்குக் கோபம் தலைக்கேறியது. "கெட்டுப்போறதுக்கு அதுல ஹார்மோன் எங்கே இருக்கு? எடுத்து வெளியே வை."

கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா பையிலிருந்து ஊசிக்கான டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"சரி சார்." தமயந்தி டப்பாக்களை எடுத்து முகப்பவுடர் வரிசையில் அடுக்கினாள். "இனிமே வர்றவங்ககிட்டேயும் நீங்க இப்போ சொன்னதையே சொல்லிடுறேன்."