தொண்ணூற்றாறாயிரத்தில் பாடிய மாப்பிள்ளை

பொள்ளாச்சியில் தேங்காய்நார் மெத்தை செய்து விற்கும் கூட்டாளிகள் நாங்கள் மூன்று பேர். லேப்டாப் வைத்திருந்ததால் குழந்தைசாமி தலைவன். நல்ல குரல் இருந்ததால் அறவாழி பாடகன். இரண்டும் இல்லாததால் நான் ஆலோசகன்.

உடுமலைப்பேட்டையில் பூங்கோதை என்ற பாட்டு டீச்சரை அறவாழிக்குப் பார்த்திருந்தார்கள். போட்டோ பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்திவிட்டது. "நல்லாப் பாடுவாருங்கறாங்க. ஒரு கீர்த்தனை பாடி அனுப்பட்டும், அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டது அந்தப் பெண். அறவாழிக்கு முப்பத்தேழு வயது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தன்னைத் தேட வேண்டாம் என்று தரகர் சொல்லியிருந்தார்.

செல்போனில் பாடி அனுப்பியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "பாட்டு டீச்சருக்குப் போய் போன்ல பாடி அனுப்பறதா? கேவலம்டா!" என்று நான் ஆலோசனை சொல்லிவிட்டேன். ஆகவே மைக் வாங்கி, குழந்தைசாமி வீட்டு அறையில் சுவரெல்லாம் எங்கள் மெத்தையைச் சாத்தி, சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் எங்கள் பள்ளித் தோழன் முபாரக்கைப் போனில் கூப்பிட்டோம்.

"சாம்பிள் ரேட் எவ்வளவுல வெச்சிருக்கீங்க?" என்றான் முபாரக்.

குழந்தைசாமி போனைக் கையால் பொத்திக்கொண்டான். "சாம்பிளுக்கு ரேட் கேக்கறான்டா."

"சாம்பிளுக்கு ஏதுடா ரேட்டு? மெத்தையில நாம சாம்பிள் துண்டு சும்மாதானே குடுக்கறோம்?" என்றேன்.

"நாங்க சும்மாதான் குடுக்கறோம் முபாரக்கு" என்று குழந்தைசாமி பெருமையாகச் சொன்னான்.

மறுமுனையில் முபாரக் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு பொறுமையாக விளக்கினான். "பாடற குரலைக் கம்ப்யூட்டர் நொடிக்கு இத்தனை தடவைன்னு அளந்து எழுதிக்கும். அந்த எண்ணிக்கைதான்டா சாம்பிள் ரேட். நாப்பத்தி நாலாயிரத்தி நூறு, நாப்பத்தெட்டாயிரம், தொண்ணூத்தாறாயிரம்னு இருக்கும். ஒண்ணை வெச்சுக்கங்க. ஆனா ரூம்ல சத்தமே இருக்கக் கூடாது." வைத்துவிட்டான்.

நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம்.

"அந்தக் கடைசி நூறு எதுக்குடா?" என்றான் அறவாழி.

"மொய்யில ஒரு ரூபா சேத்து வெக்கறமில்ல, அந்த மாதிரி ராசிக்கு இருக்கும்" என்றேன்.

"நொடிக்கு அத்தனை தடவை அளந்தா என் குரல் தேஞ்சு போயிராதா?"

"தேஞ்சாப் பாத்துக்கலாம். பொண்ணு வீட்டுக்குப் போறது, கம்மியா அளந்து குடுத்தா மரியாதையா இருக்காது" என்று குழந்தைசாமி தொண்ணூற்றாறாயிரத்தில் வைத்தான்.

அறையில் சத்தமே இருக்கக் கூடாதல்லவா? அறவாழி கண்ணை மூடி, வாயை மட்டும் அசைத்து, உருக்கமாக முழுப் பாட்டையும் பாடினான். போட்டுக் கேட்டோம்.

"துளி சத்தமில்லை. முபாரக் சொன்ன மாதிரியே வந்திருக்கு" என்று குழந்தைசாமி பூரித்தான்.

"பாட்டும் வரலையே" என்றேன், ஆலோசகன் என்ற முறையில்.

அடுத்த தடவை வாய்விட்டுப் பாடினான். நிஜமாகவே அருமையாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். முபாரக்கிடம் பெருமை பேசப் போனோம்.

"போன்ல கேக்கறதுக்குத் தொண்ணூத்தாறு எதுக்குடா? நாப்பத்தெட்டா மாத்தி அனுப்புங்க" என்றான்.

மாற்றுவதற்குத் தனி வழி இருக்கிறதாம். குரலைப் புதிய கணக்கில் திரும்ப எழுதவைக்க வேண்டுமாம். எங்களுக்கு அது தெரியாது. பெரிய மெத்தையில் சின்ன மெத்தையின் அளவுச் சீட்டை ஒட்டுகிற மாதிரி, திரையில் எண்ணை மட்டும் மாற்றினோம். பாட்டு பாதி வேகத்தில் ஓடியது. கிணற்றுக்குள் விழுந்த எருமை, தன்னை யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று முறையிடுவதுபோல இருந்தது.

அறவாழிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது நானில்லடா."

"நீதான். எண்ணைப் பாதியாக்கினோமில்ல, பாதி அறவாழிதான் வருவான்" என்றான் குழந்தைசாமி.

அப்போதுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆலோசனை எனக்குத் தோன்றியது. "நீ ரெண்டு மடங்கு வேகமாப் பாடு மாப்ள. குரலையும் நல்லா மேல ஏத்திக்க. இது பாதியாக்கிக் குடுத்துரும், சரியா வந்துரும்."

அறவாழி நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, வியர்த்து ஊற்றிப் பாடி முடித்தான். போட்டால், கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது! மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். உடனே பூங்கோதைக்கு அனுப்பினோம்.

நாங்கள் மாற்றியது எங்கள் திரையில் மட்டும்தான். அனுப்பிய பாட்டு தொண்ணூற்றாறாயிரத்திலேயே போய்ச் சேர்ந்தது.

சற்று நேரத்தில் பூங்கோதையே போன் செய்தாள். "பாடினது யாருங்க?"

"நானுங்க" என்றான் அறவாழி.

அந்தப் பக்கம் விம்முகிற மாதிரி சத்தம். "உருகி அழுவுதுடா" என்று குழந்தைசாமி என் காதில் சொன்னான். அப்புறம்தான் சிரிப்பென்று தெரிந்தது. "யாரோ தொரத்தற மாதிரி பாடியிருக்கீங்களே! ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து எங்கப்பா முன்னாடி பாடுங்க" என்றாள்.

நாங்கள் பாடம் படித்துக்கொண்டோம். தொண்ணூற்றாறில் கேட்டால் வேகம், நாற்பத்தெட்டில் கேட்டால் நிதானம். கேட்கிறவரின் எண் தெரியாமல் பாடியதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை உடுமலையில், பூங்கோதையின் அப்பா சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்ததும் குழந்தைசாமி பணிவாகக் கேட்டான். "ஏனுங்க மாமா, உங்களுக்கு எத்தனைங்க?"

"எனக்கா? அறுபத்தி மூணுங்க தம்பி."

"அறுபத்தி மூணாம்டா. கொஞ்சம் நிதானமாப் பாடு" என்று குழந்தைசாமி அறவாழியைத் தட்டிக் கொடுத்தான். அறவாழியும் தலையாட்டிவிட்டு நிதானமாக ஆரம்பித்தான். முதல் வார்த்தைக்கே சென்னியப்பன் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். ஆனாலும் கெட்டுப்போகாத குரல் அல்லவா? உள்ளே இருந்த பூங்கோதை வாசற்படிக்கு வந்து நின்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே காரியம் பழம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கும் சேத்துத்தானே பாடறீங்க? எனக்கு இருபத்தெட்டுங்க" என்றாள் சிரித்துக்கொண்டே.

குழந்தைசாமி பதறிப்போனான். "இருபத்தெட்டா! மாப்ள, இன்னும் மெதுவாடா!"

பூ வைத்து, தாம்பூலம் மாற்றி, வடை பாயசத்தோடு பந்தியும் முடிந்து, நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அறவாழி அனுபல்லவிக்கு வந்திருந்தான்.