வாலில்லாத முப்பாட்டன்

மலையுச்சியில், இரண்டு காடுகளின் எல்லையில், பழைய கற்குவியல் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது.

"உள்ளே புதைந்திருப்பவர் எங்கள் முப்பாட்டன்!" என்றன மேற்குக் காட்டுக் கருமந்திகள்.

"எங்கள் முப்பாட்டன்!" என்றன கிழக்குக் காட்டுக் குரங்குகள்.

யார் அதிகக் கல் வைக்கிறார்களோ அவர்களுக்கே பாட்டன் சொந்தம் என்று முடிவாயிற்று. இரு கூட்டமும் கல் சுமக்கத் தொடங்கின.

பகலில் தூங்கும் முள்ளம்பன்றி கண்விழித்தபோது வளையின் ஒரு வாசல் அடைபட்டிருந்தது. மற்ற வாசலுக்குக் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனால், அங்கேயும் மேலிருந்து கல் விழுந்தது.

"கல் போடாதீங்க! உள்ளே ஆள் இருக்கு!" என்று அது கத்தியது.

வெளியே எல்லாம் கைகூப்பின.

"முப்பாட்டன் பேசிட்டார்!" என்றது கருமந்தித் தலைவன். "கேட்டியாடா? உன்னைத்தான் போடாதேங்கிறார்!"

"போடா கரிமூஞ்சி! அது உனக்குச் சொன்னது!" என்றது குரங்குத் தலைவன்.

கற்கள் இன்னும் வேகமாக விழுந்தன.

முள்ளம்பன்றிக்குத் தலை சுற்றியது. உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாதா? ஒரு பானை, துருப்பிடித்த ஒரு கத்தி, கொஞ்சம் எலும்பு. ஏழு வருடமாக அவற்றின் பக்கத்தில்தான் தூங்குகிறது.

"அட, கேளுங்கய்யா! இது மனுஷன்! இவருக்கு வாலே இல்லை!"

வெளியே கல் சுமந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு கருமந்தி அலறியது: "பாட்டனோட வாலை எவன்டா திருடினது?"

"வேற யாரு? நீதான் திருட்டுப் பயலே!"

கடைசி வாசலும் அடைபட்டது. குட்டிகள் மூச்சுத் திணறின. முள்ளம்பன்றி பேசுவதை நிறுத்திவிட்டுத் தோண்டியது. நகங்கள் பெயர்ந்தன. கடைசியில் மலைச்சரிவில் ஒரு துளை விழுந்தது. குட்டிகளை முன்னே தள்ளிவிட்டுத் தானும் வெளியே வந்தது. உடம்பெல்லாம் மண்.

எதிரே இரு தலைவர்களும் நின்றன.

"இவ்வளவு நேரம் பேசினது நான்தான்," என்றது முள்ளம்பன்றி. "உள்ளே உங்க சொந்தக்காரர் யாரும் இல்லை. இப்பவாவது வீட்டுக்குப் போங்க!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதல் தடவையாக ஒத்துப்போயின.

"வாலைத் தின்னது இதுதான்!"

கற்கள் பறந்தன. முள்ளம்பன்றி முள்ளை விரித்துக் குட்டிகளை மறைத்தபடி சரிவில் இறங்கியது. ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நடையை எட்டிப் போட்டது.

செத்தவருக்காகச் சண்டை போடுகிறவர்களிடம் உயிரோடு இருப்பவர் நியாயம் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகளோடு தப்பிப் போவதே புத்தி.