மூடிமேல் போட்ட முற்றம்

மூங்கில் காட்டில் சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். அவருக்குப் பெரிய வளை, வளைக்கு முன்னால் பெரிய முற்றம். முற்றத்துக்கு அடியில் கழிவுக்குழி. வீட்டுக் கழிவெல்லாம் அதற்குள்தான் போகும். வாயை ஒரு பலகைக்கல் மூடியிருந்தது.

அந்தக் குழியைப் பற்றி அவருக்குத் தாங்க முடியாத பெருமை. "தோண்டி ஒன்பது வருஷமாச்சு. ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. நம்ம மண் அப்படி, எல்லாத்தையும் குடிச்சிடும்" என்று ஓடைக்கரையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லுவார். போடப் போட நிறையாத குழி எங்காவது உண்டா என்று அவர் யோசிக்கவில்லை. பெருமை பேசுகிறவருக்கு யோசிக்க நேரம் ஏது?

அந்தக் காட்டில் குழியில் சேர்ந்த கழிவை எடுத்துச் சுத்தம் செய்கிற வேலை சாணி வண்டுகளுடையது. அவர்களுக்குத் தலைவி பாவாயி. மழைக்கு முன்னால் வளை வளையாகப் போய், எத்தனை பேர் புழங்குகிறார்கள், கடைசியாக எப்போது எடுத்தது என்று விசாரித்து நாள் குறித்துக் கொடுப்பாள். புரட்டாசியில் சடையாண்டி வீட்டுக்கும் வந்தாள்.

"அண்ணே, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும். உங்களுக்கு ஒன்பது ஆயிடுச்சு. மழை பிடிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாமா?"

"என் குழி நிறையாதும்மா."

"திறந்து பார்த்தீங்களா?"

"நிறையாத குழியை எதுக்குத் திறக்கணும்?"

"வாடை வருதே அண்ணே."

"அது பக்கத்து முயல் வீட்டு வாடை."

முயல் வீட்டுக் குழியைப் பாவாயி போன வாரம்தான் சுத்தமாக எடுத்திருந்தாள். ஆனாலும் அவள் வாதம் பண்ணவில்லை. அடுத்த வளையைப் பார்க்கப் போய்விட்டாள்.

உண்மையில் சடையாண்டியின் கவலை வேறு. ஐப்பசியில் மேட்டுக்காட்டிலிருந்து அவர் மகள் வஞ்சிக்கொடியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்தில் நாற்பது வண்டுகள் கழிவை வாசல் வழியாக உருட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

தள்ளிப்போட்டதோடு விட்டாரா? ஓடையிலிருந்து வெள்ளைக் கூழாங்கற்களைக் கொண்டுவந்து, களிமண் குழைத்து, முற்றம் முழுக்கப் பதித்தார். மூடியின் மேலும் பதித்தார்.

அவர் மனைவி செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மூடி எங்கே இருக்குன்னு ஒரு அடையாளமாவது வைங்க."

"அடையாளம் வெச்சா அழகு போயிடும்."

ஐப்பசி வந்தது. நாலு நாள் விடாத மழை. எல்லாவற்றையும் குடிக்கிற அந்த மண், மழைத் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்துவிட்டு, இனி ஒரு சொட்டும் வேண்டாம் என்று கிடந்தது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் வந்து சேர்ந்தார்கள்.

செங்கமலம் கிழங்கும் கொய்யாவும் மலை மலையாகக் குவித்திருந்தாள். விருந்தாளிகள் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கொல்லைப்புறம் போய் வந்தார்கள். ஒவ்வொருவர் போய் வரும்போதும் தரைக்கடியில் 'கொளக்' என்று ஒரு சத்தம். சடையாண்டி ஒவ்வொரு தடவையும் பலமாக இருமினார்.

"உடம்புக்கு என்ன அண்ணே?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா பொன்னாத்தா.

"மழைக்காலம் பாருங்க."

"ஏதோ சத்தம் கேக்குதே?"

"ஓடை பக்கத்திலதான் இருக்கு."

பொன்னாத்தா முற்றத்தின் நடுவில், நல்ல மட்டமான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அது மூடிக்கு நேர் மேலே. சடையாண்டிக்கு வேர்த்தது. "கொஞ்சம் நிழல்ல உட்காருங்களேன்" என்றார். "வெயில் இதமா இருக்கு" என்று அவள் அசையவில்லை. வஞ்சிக்கொடி வந்து வணங்கினாள். மாப்பிள்ளைப் பையன் முகம் மலர்ந்துபோனான்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தாம்பூலத்தை மா..."

பேச்சு முடியவில்லை. தரை எழும்பியது. கூழாங்கற்கள் தெறித்தன. மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ள, பொன்னாத்தா சறுக்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னாலேயே ஒன்பது வருஷத்துச் சமாசாரமும் வந்தது. மேற்கொண்டு வர்ணிக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

பொன்னாத்தாவைக் கைத்தாங்கலாக ஓடைக்குக் கூட்டிப் போனார்கள். வஞ்சிக்கொடி வளைக்குள் ஓடி அழுதாள். அந்த அழுகையைக் கேட்கச் சடையாண்டிக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பாவாயியிடம் ஓடினார்.

"வர்றேன் அண்ணே. ஆனா இன்னிக்கு நாள் குறிச்சுக் கொடுத்த வீடு நாலு இருக்கு. அதை முடிச்சுட்டுத்தான். அதுக்குள்ள கல்லையெல்லாம் பேர்த்து, மூடியைத் தள்ளி, காத்தாட விடுங்க. அடைச்சுக் கிடந்த குழியில விஷக்காத்து இருக்கும், உடனே அதுகிட்ட என் ஆளுங்களை நிறுத்த மாட்டேன். காத்தாடினாலும் குழிக்குள்ள யாரும் இறங்க மாட்டோம். விளிம்புல நின்னுதான் எடுப்போம்."

சடையாண்டி தான் பதித்த கற்களைத் தானே பல்லால் பெயர்த்தார். முயல் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பார்த்தது. குரங்குகள் மூங்கிலில் இடம் பிடித்தன. நாலு பேர் பார்க்கக்கூடாது என்று மறைத்ததைக் காடே வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் வண்டுகள் வந்தன. வாசல் வழியாகத்தான், நாற்பதும் வரிசையாக, உருட்டிக்கொண்டு போயின.

பொன்னாத்தா மூன்று தடவை குளித்துவிட்டு வந்தாள். சடையாண்டி தலையைத் தூக்கவில்லை.

"என் தப்புக்கு என் பொண்ணை ஒதுக்கிடாதீங்க தாயி" என்றார்.

"பொண்ணு மேல என்ன குறை? உங்களைத்தான் ஒண்ணு கேக்கணும். அடுத்தபடியா இந்தக் குழியை எப்போ எடுப்பீங்க?"

"நிறைஞ்சதும்..."

பதினோரு பேர் முதுகிலும் முட்கள் சிலிர்த்தன.

"இல்லை, இல்லை. மூணு வருஷத்தில. புரட்டாசி முதல் வாரம், மழைக்கு முன்னாடி. நடுவில வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பேன். மூடிமேல ஒரு புல்லைக்கூட வைக்க மாட்டேன்."

பொன்னாத்தா பாவாயியைப் பார்த்தாள். "குறிச்சுக்கிட்டியா?"

"குறிச்சாச்சு அக்கா."

"சரி, குழிக்கு நாள் குறிச்சாச்சு. இப்போ கல்யாணத்துக்கு நாள் பாருங்க" என்றாள் பொன்னாத்தா.

கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று உரிய காலத்தில் நாமாகத் திறந்து பார்க்காமல் விட்டால், அது தனக்குப் பிடித்த நாளில், எல்லோர் முன்னிலையிலும் தானாகத் திறந்துகொள்ளும்.