பீரோவுக்குள் இருந்த பாயசம்

மொச்சைக்குளத்தில் ஒரு கல்யாணம் என்றால், பந்தக்கால் நட்டதுமே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிவிடுவார்கள். பத்திரிகை வைத்து அழைக்க வேண்டியதில்லை. மேளச் சத்தம் கேட்டால் போதும், நர்சுகள் குளுகோஸ் பாட்டில்களை எடுத்து வெளியே வைப்பார்கள். மற்ற ஊர்களில் தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலையும் இருக்கும். மொச்சைக்குளத்தில் கூடவே பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கும். "பரவாயில்லை, நல்ல கவனிப்பு" என்று அதையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்த ஊர்ச் சமையல்காரர்களுக்குத் தாலி கட்டுவதைப் பார்க்காவிட்டால் மனசு ஆறாது. அடுப்படியில் நின்றுகொண்டு எப்படிப் பார்ப்பது? அதனால் முந்தின நாள் மத்தியானமே சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாவற்றையும் செய்து இறக்கிவிட்டு, குளித்து, பவுடர் பூசி, முகூர்த்தத்துக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சித்திரைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க அண்டாவில் கிடந்த சாம்பார், விடியும்போது தானாகவே நுரைத்துக் கொப்பளிக்கும்.

"பாத்தீங்களா, அடுப்பே இல்லாம கொதிக்குது. அம்புட்டு நல்ல சாம்பார்" என்பார் தலைமைச் சமையல்காரர் சங்கிலி மாஸ்டர்.

சாயங்காலம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைப்பார்கள். அடுத்த கல்யாணத்திலும் அதே சாம்பார், வேறு பூசணிக்காய்.

இந்த ஊரில்தான் மரகதம் தன் ஒரே மகள் இளவரசிக்குக் கல்யாணம் வைத்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பெண். மரகதத்துக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அவளுக்கு வாய்த்த சம்பந்தியோ வேப்பங்காட்டுச் சண்பகவடிவு. அந்த அம்மாள் நிச்சயத்தன்றே சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

"மதினி, உங்க ஊர்ப் பந்தியைப் பத்தி நாங்க கேள்விப்பட்டிருக்கோம். கல்யாணத்துல தின்னுட்டு எங்க ஆளுல ஒருத்தர் வயித்தைப் பிடிச்சாலும் பொண்ணு உங்க வீட்டோட இருக்கட்டும். மறுவீடு வரைக்கும் பாப்பேன். ஒண்ணும் ஆகலைன்னாத்தான் எங்க வீட்டுல விளக்கேத்த விடுவேன்."

அன்றிலிருந்து மரகதத்துக்குத் தூக்கம் இல்லை. நேராகச் சுகாதார ஆய்வாளரம்மாவிடம் போய் அழுதாள். அந்த அம்மா நல்ல மனுஷி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துச் சமையல்கட்டுக்கே வந்து, சங்கிலி மாஸ்டரையும் அவருடைய ஆட்கள் கொம்பையாவையும் தளவாயையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார்.

"அன்னைக்குச் சமைச்சதை அன்னைக்கே போடுங்க. கை கழுவாம எதையும் தொடாதீங்க. சமைச்ச சாப்பாடு திறந்து கிடக்கக் கூடாது. எல்லாத்தையும் சூடாப் பரிமாறுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கிண்ணம் மாதிரிக்குன்னு எடுத்துப் பத்திரமா வையுங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா அதைப் பாத்தாத்தான் சாப்பாடு கெட்டிருந்துதா இல்லையான்னு தெரியும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். மரகதம் அவர்களைவிட அதிகமாக ஆட்டினாள்.

மறுநாள் விடிகாலையில் அவள் சமையல்கட்டுக்குப் போனபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. மூன்று பேரும் குழாய்க்கு எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் அரிசி களையலையா?"

"கை கழுவாம எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா தங்கச்சி," என்றார் சங்கிலி மாஸ்டர்.

"கழுவ வேண்டியதுதானே?"

"குழாயைத் தொட்டாத்தானே திறக்க முடியும். குழாயைத் தொடணும்னா கை கழுவணும். கை கழுவணும்னா குழாயைத் தொடணும். இதுல எங்கிட்டு நுழையிறதுன்னுதான் யோசிச்சிட்டு நிக்கோம்."

மரகதம் திறந்துவிடலாம் என்று கையை நீட்டினாள். நீட்டியவள் பதறிப்போய்த் தன் கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளும்தான் கை கழுவவில்லை. இப்போது நான்கு பேர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே நாதஸ்வரக்காரர் வந்து காப்பி கேட்டார். அவரிடமும், "நீங்க கை கழுவியிருக்கீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் கொம்பையாதான் வழி கண்டுபிடித்தான். "மாஸ்டர், கையைத்தானே கழுவச் சொன்னாங்க. காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"ஏலே, உனக்கு எப்படிலே இப்படி ஓடுது புத்தி," என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களத்துமேட்டுச் சாணி காய்ந்திருந்த காலால் குழாயைத் திறந்தான். எல்லோரும் சுத்தமாகக் கை கழுவினார்கள்.

எப்படியோ சமையல் முடிந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சமையல்காரர்கள் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. தளவாய் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதான். கெட்டிமேளம் முடிந்து விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. மூடிய வாளிகளோடு மூன்று பேரும் வந்து நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான்.

"ஊத்துங்கப்பா," என்றார் ஒரு பெரியவர்.

"திறந்தாத்தானே ஊத்த முடியும்? திறந்து கிடக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றார் மாஸ்டர்.

"இலையில விழுந்தா, இலையிலயும் திறந்துதானே கிடக்கும்," என்றான் தளவாய். அவன் எதையும் கடைசிவரை யோசிக்கிறவன்.

பெண்ணின் தாயாராக மரகதம் ஏதாவது செய்தாக வேண்டும். சம்பந்தி வீட்டார் வெற்று இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சண்பகவடிவின் முகம் ஏற்கெனவே ஒரு தினுசாக இருக்கிறது. மரகதம் ஓடிப்போய், மணமேடைக்கு முன்னால் விரித்திருந்த பெரிய ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு வந்தாள். அதைப் பந்தி முழுக்க, மனிதர்கள் தலையோடு சேர்த்து மூடினார்கள். சமையல்காரர்கள் வாளியோடு உள்ளே புகுந்து தவழ்ந்து தவழ்ந்து பரிமாறினார்கள். வெளியே இருந்து பார்த்தால் மலைப்பாம்பு எதையோ விழுங்கிவிட்டு நெளிகிற மாதிரி இருந்தது.

உள்ளே இருட்டு. ரசம் பலருக்கு மடியில் விழுந்தது. ஒருத்தருடைய அப்பளத்தை இன்னொருத்தர் தின்றார்.

"மதினி, இது எந்த ஊர் வழக்கம்?" என்று ஜமுக்காளத்துக்குள்ளிருந்து சண்பகவடிவின் குரல் கேட்டது.

"பாதுகாப்பு மதினி," என்றாள் வெளியே நின்ற மரகதம்.

எல்லாவற்றையும் சூடாகப் பரிமாறச் சொல்லியிருந்ததால் மோரைக் காய்ச்சினார்கள். ஐஸ்கிரீமையும் அண்டாவில் கொட்டிக் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றினார்கள். அதைப் புதுவகைப் பாயசம் என்று நினைத்து, வேப்பங்காட்டுக்காரர்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே சாப்பிட்டால் என்ன ஆகப்போகிறது? மரகதத்துக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கை நனைத்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்காமல், வயிறு எப்படி என்று கேட்டுக்கொண்டே வாசலில் நின்றாள். மண்டபத்துக்குப் பின்பக்கம் யார் ஒதுங்கினாலும் கூடவே போனாள். மாப்பிள்ளையின் சித்தப்பா பீடி குடிக்கப் போன இடத்திலும் இவள் போய் நின்று, "லேசாப் போகுதா, தண்ணியாப் போகுதா?" என்று கேட்டதில் அந்த மனுஷன் பீடியையே விட்டுவிட்டார்.

மாதிரிக் கிண்ணங்களை எங்கே வைப்பது என்று சாயங்காலம் ஒரு ஆலோசனை நடந்தது.

"பத்திரமான இடம்னு சொன்னாங்க. உங்க வீட்டுலயே பத்திரமான இடம் எது?" என்றார் மாஸ்டர்.

"நகை வைக்கிற பீரோதான், அண்ணாச்சி."

சாம்பார், கூட்டு, அவியல், பாயசம் எல்லாம் பட்டுச்சேலைகளுக்கு நடுவே இரும்புப் பீரோவுக்குள் போயின. மரகதம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பீரோ நின்ற இடம் தகரக் கூரை போட்ட அறை. சித்திரை வெயில் அதன்மேல்தான் மொத்தமாக விழும்.

மறுவீட்டு நாள் வந்தது. மத்தியானம் சம்பந்தி வீட்டார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வருவார்கள். அது நல்லபடியாக முடிந்துவிட்டால் மரகதத்தின் பாரம் இறங்கிவிடும். விருந்து சமைக்க மாஸ்டரும் ஆட்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கலாம் என்று மரகதம் பீரோவைத் திறந்தாள்.

தெருவில் போன ஆடு ஒன்று திரும்பி வந்த வழியே ஓடியது.

மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். சாம்பாருக்குப் பச்சையாக முடி முளைத்திருந்தது. பாயசம் கிண்ணத்தைவிட்டு எழுந்து வந்து கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்தது. மரகதம் அப்படியே தரையில் சரிந்தாள்.

"போச்சு. எல்லாம் போச்சு. கல்யாணச் சாப்பாடு கெட்டுத்தான் இருந்திருக்கு."

"அப்ப தின்னவங்க எல்லாரும் சீக்காத்தான் கிடக்காங்க," என்றார் மாஸ்டர் துக்கத்தோடு.

"நல்லாத்தானே நடமாடுதாங்க, மாஸ்டர்?" என்றான் கொம்பையா.

"அவங்களுக்கு இன்னும் தெரியலைலே. மாதிரி சொல்லிட்டுதுல்லா. மனுஷன் பொய் சொல்லுவான், மாதிரி சொல்லாது."

மரகதம் சம்பந்திக்குப் போன் போட்டாள். "மதினி, வயிறு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. கிளம்பிட்டே இருக்கோம். ஏன் கேக்கீங்க?"

மரகதம் போனை வைத்துவிட்டாள். "மறைக்கா. என் மக மேல பிரியத்துல, வலியை மறைக்கா."

தளவாய் அதற்குள் கடைசிவரை யோசித்து முடித்திருந்தான். "யக்கா, சும்மா பாத்தாப் போதுமா? பாக்கிறதுக்கு அழுகின மாதிரிதான் இருக்கு. உள்ள எப்படியோ. நாம தின்னு பாப்போம். நமக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவங்களுக்கும் ஒண்ணும் இல்லை. பொண்ணு பிழைச்சா."

இதைவிட நியாயமான பேச்சை மரகதம் கேட்டதில்லை. மகளுடைய வாழ்க்கை அந்தக் கிண்ணங்களில் இருக்கிறது. நான்கு பேரும் கை கழுவினார்கள், கொம்பையா காலால் குழாய் திறக்க. இலை போட்டு, தலைக்குமேல் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்து, முறையாகப் பரிமாறிச் சாப்பிட்டார்கள். சாம்பார் முடியை மட்டும் மாஸ்டர் ஒதுக்கி வைத்தார்.

சம்பந்தி வீட்டார் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வரிசையாக நான்கு கட்டில், நான்கு பாட்டில். இளவரசி அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்தாள்.

மரகதம் மகளைப் பார்க்கவில்லை. சண்பகவடிவைத்தான் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "என்னை மன்னிச்சிருங்க மதினி. உங்களுக்கு என்ன ஆகியிருக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. எப்படித்தான் நின்னுட்டு இருக்கீங்களோ. ஏ நர்சம்மா, என் பாட்டிலைக் கழத்தி அவங்களுக்குப் போடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே," என்றாள் சண்பகவடிவு.

"அப்படித்தான் இருக்கும்," என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து மாஸ்டர் ஈனக்குரலில் நடந்ததை எல்லாம் சொன்னார்.

சண்பகவடிவு பொறுமையாகக் கேட்டாள். வேப்பங்காட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அறிவாளி என்று பெயர் வாங்கினவள். நெடுநேரம் யோசித்தாள்.

"மதினி, அழாதீங்க. நான் சொன்னது எங்க ஆளுக்கு ஆனாத்தான். படுத்திருக்கிறது பூராவும் உங்க ஆளு. கல்யாணத்துல தின்னு வந்த நோவும் இல்லை, பீரோவுல தின்னு வந்தது. பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணுதான். அதுல மாத்தமில்லை."

மரகதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து கும்பிடப் பார்த்து, முடியாமல் அவசரமாகப் பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினாள்.

இளவரசி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். சண்பகவடிவு மாஸ்டர் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இருந்தாலும் அண்ணாச்சி, நானும் அந்தச் சாப்பாட்டைத்தானே தின்னிருக்கேன். மனசுல ஒரு சந்தேகம்னு வந்துட்டா நல்லதில்லை. அந்தப் பாயசத்துல மிச்சம் ஏதாவது இருக்கா?"

மாஸ்டர் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த, மூடி போட்ட மாதிரிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். சண்பகவடிவு அதை வாங்கப்போனவள், சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க குழாய் எங்க இருக்கு?"

கொம்பையா குளுகோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி கட்டிலைவிட்டு இறங்கினான். நர்சு ஐந்தாவது கட்டிலுக்கு விரிப்பு எடுக்கப் போனாள்.