படல் தாண்டாத கரிச்சான்

"வாயுள்ளது வலித்தால் அழும், வாயில்லாதது வலித்தால்..." என்று சீவலக்கோனின் மாமனார் ஏதோ சொல்வார். மீதிப் பாதி அவனுக்கு நினைவில்லை. கிழவர் சொன்னபோது அவன் குட்டிக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தான். காதில் பாதிதான் விழுந்தது.

கேளுங்கள். வைகைக்குத் தென்கரையில், மழையை நம்பி ஆடும், ஆட்டை நம்பி ஆளும் வாழ்ந்த காலம் அது. அந்தக் காலத்து இடையன் சீவலக்கோன். அவனுக்கு நூறு ஆடு, ஒரு மனைவி, ஒரு நாய். மனைவி வெள்ளச்சியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. நாயை மட்டும் நாளுக்கு நூறு தரம் கூப்பிடுவான்: "கரிச்சான்! டேய் கரிச்சான்!"

அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டை அடைப்பார்கள். அதற்குக் கிடை என்று பெயர். கிடையைச் சுற்றி விளார்க் குச்சிகளால் முடைந்த படல் நிற்கும், இடுப்பளவு உயரத்துக்கு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாயும்போது நாயின் கூழைப் படலுக்கு உள்ளே ஊற்றுவார்கள். நாய் வெளியிலிருந்து ஒரே தாவில் தாண்டி வரவேண்டும். தாண்டின நாய்க்குத்தான் கூழ். தாண்டாத நாய் கிடையைக் காக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒன்பது வருடம் கரிச்சான் தாண்டியது. பத்தாம் வருடம் மாசிப் பனியில் ஒரு மாலை படலருகே வந்தது, நின்றது, அண்ணாந்து பார்த்தது. பிறகு படலோரமாகவே நடந்து வாசலைத் தேடிப் போனது.

பல இடையர் சேர்ந்து போட்ட அந்தக் கிடைக்குத் தலைவன் தவசி, வெள்ளச்சியின் அண்ணன். அவன் சும்மா இருப்பானா?

"என்ன மாப்பிள்ளை, உம்ம நாய் பெரிய மனுசனாயிருச்சே! வாசல் வழியாத்தான் வருமாம். வெத்திலை பாக்கு வச்சு அழைக்கணுமோ?"

கிடையே சிரித்தது. சீவலக்கோனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சோம்பல் என்று முடிவுகட்டினான். ஊற்றிய கூழை மறுபடி சட்டியில் வழித்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் கரிச்சான் எழுந்த விதத்தைப் பார்த்தான். முன்னங்கால் முதலில் எழுந்தது. பின்னங்கால் நெடுநேரம் கழித்து எழுந்தது. பத்தடி தூரம் மரக்கட்டை போல நடந்தது. வெயில் ஏறியதும் நன்றாகவே நடந்தது. நடிப்பு என்று முடிவுகட்டினான்.

மூன்றாம் நாள் இடுப்பில் உண்ணி பிடுங்கப் போனான். நாய் உறுமித் திரும்பி அவன் மணிக்கட்டைப் பல்லுக்குள் வைத்தது. கடிக்கவில்லை, வைத்து எடுத்தது, அவ்வளவுதான். "சோறு போட்ட கைக்கே பல்லைக் காட்டுது பார்!" துரோகம் என்று முடிவுகட்டினான்.

"அதுக்கு எங்கேயோ வலிக்குதுங்க" என்றாள் வெள்ளச்சி.

"வலிச்சா கத்தாதா? ஒரு முள் குத்தினா ஊரைக் கூட்டுற நாய் அது!"

நாயின் திமிரை அடக்க அவன் ஒரு வழி கண்டான். படலைச் சாணளவு உயர்த்திக் கட்டினான். பொழுது சாய்ந்ததும் உள்ளே நின்று, "வா!" என்றான்.

முதல் நாள் கரிச்சான் நின்றது, நடுங்கியது, தாண்டியது. "பார்த்தீரா மச்சான்!" என்று மீசையைத் தடவினான் சீவலக்கோன்.

இரண்டாம் நாள் நின்றது, நடுங்கியது, தாண்டியது. கூழில் பாதியைக் குடித்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் நின்றது, நடுங்கியது, தாண்டியது. பின்னங்கால் படலில் இடறிற்று. பொத்தென்று உள்ளே விழுந்தது. அப்போதும் கத்தவில்லை. இரண்டு முழத்தில் இருந்த கூழ்ச்சட்டியை ஏறிட்டுப் பார்க்காமல், தன் இடுப்பு மூட்டையே நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி அந்த இடத்தில் முடி தேய்ந்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள்.

வெள்ளச்சி முழங்காலில் கையூன்றி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நாயின் காலை மடியில் எடுத்துத் தடவினாள். முன்மார்பு தடித்திருந்தது; பின்தொடை சூம்பிப்போயிருந்தது.

"இது இன்னைக்கு வந்த வலியில்லை" என்றாள். "கனத்தை முழுக்க முன்னங்காலுக்கு மாத்தி ரொம்ப நாளா நடந்திருக்கு. விடியக்காலம் என் முட்டி எப்படி இருக்கும் தெரியுமா? நாலு எட்டு வச்சாத்தான் இளகும். இளகிட்டா வலியே இல்லைன்னு ஆயிருமா?"

"நீ சொல்லவே இல்லையே?"

"நானும் சொல்லலை, அதுவும் சொல்லலை. நொண்டுற ஆட்டைத்தானே நரி குறி வைக்கும்? நரிக்கு முன்னால நொண்டக்கூடாதுன்னு பழகின சாதி அது." பிறகு அவள் குரல் உடைந்தது. "நம்ம பூனையும் பரண் ஏறுறதை விட்டுச்சே, ஞாபகம் இருக்கா? முதுகை நக்கிக்க முடியாம முடி திரிதிரியாத் தொங்குச்சு. கொழுப்பெடுத்த பூனைன்னு அடுப்படியை விட்டு விரட்டினோம். குளிர்லயே கிடந்து செத்துப்போச்சு."

தவசி தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போனான்.

அன்றிலிருந்து சீவலக்கோன் நாய்க்குப் பணிவிடை செய்தான். நொச்சி இலையை வதக்கி, மணலை வறுத்து, துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுத்தான். ஈரத்தரையை விட்டு வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்தான். குனிய வேண்டாமென்று கூழ்ச்சட்டியைக் கல்மேல் ஏற்றினான். மனம் பொறுக்காமல் அள்ளி அள்ளி ஊட்டப் போனவனை வெள்ளச்சி தடுத்தாள்: "உடம்பு பெருத்தா அந்தக் காலுதானே சுமக்கணும்?" ஓடவும் விடாமல், ஒரேயடியாகக் கிடக்கவும் விடாமல், காலையும் மாலையும் வரப்புவரை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தான்.

வலி போகவில்லை. அது போகிற வலியில்லை. ஆனால் வாலில் கொஞ்சம் ஆட்டம் வந்தது.

ஒரு மாலை, நாய் நேராக வரட்டும் என்று அந்தப் பக்கத்துப் படலையே பிடுங்கிப் போட்டான். "வா கரிச்சான்" என்று கூப்பிட்டான். நாய் வந்தது. படல் இருந்த இடத்தில் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஆனாலும் அது அண்ணாந்து பார்த்தது, பின்னங்காலை ஒடுக்கியது, நடுங்கியது.

எத்தனை மாலை இப்படி நடுங்கியிருக்கும்? அதன்பின் சீவலக்கோன் அந்த "வா"வைச் சொல்லவே இல்லை. தானே எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்காருவான்.

நம்மோடு பாடுபட்ட உயிர் ஒருநாள் மாறினால், அதில் குற்றத்தைத் தேடுமுன் வலியைத் தேட வேண்டும்: இதுதான் கதை சொல்லும் நீதி.

ஆனால் கதையில் இன்னும் ஒரு காலைப்பொழுது இருக்கிறது. பங்குனி முடிவில் கிடை மேற்கே நகரும் நாள் வந்தது. ஆற்று மணலைக் கடந்து, கல்லுக்காட்டில் எட்டு நாள் நடை. ஆடுகள் கரையில் கூடி நின்றன.

"மாப்பிள்ளை, அது நடக்காது" என்றான் தவசி. இந்த முறை கேலி இல்லை. "எட்டு நாளும் தோள்லயா தூக்குவீர்? விட்டுட்டு வாரும்."

"விட்டுட்டு வந்தா இதை யாரு மச்சான் பார்ப்பா?"

"இங்கேயே நின்னீர்னா சித்திரையில ஒரு புல்லு இருக்காது. நாய்க்காக நூறு ஆட்டைச் சாகக் கொடுப்பீரா? ஆடில்லாம நீர் இடையன்தானா?"

சீவலக்கோன் குனிந்து பார்த்தான். கரிச்சான் அவன் காலடியில் கிடந்தது. வெள்ளச்சி தலைச்சுமையோடு நின்றிருந்தாள். அவள் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாள் நடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் அவள் தலையிலிருந்த சுமையை இறக்கி வைத்தான். நூறு ஆட்டையும் தவசி கையில் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடும் நாயோடும் இக்கரையிலேயே நின்றுகொண்டான்.