நீலக் கட்டிக்குள் காற்று

பனியாற்றின் கரையில் இருந்த அந்தக் கல்வீட்டில் தண்ணீர் என்றால் பனிக்கட்டிதான். வெட்டி வந்து பானையில் போட்டு உருக்க வேண்டும். அன்று ஆவுடையப்பனின் முறை. அவரோ பையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஊருக்குப் போறேன்மா. போதும்."

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. குரு மங்கையம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு என்ன?"

"என்னைக்கும் உள்ளதுதான். புயல் டியூட்டி முடிஞ்சு நான் வந்து சேர்றதுக்குள்ள அப்பாவுக்குத் தம்பி கொள்ளி வச்சுட்டான். மூத்தவன் நான் இருக்கேன்! ஏழு வருஷம் இங்க தியானத்துல உக்காந்தும் அந்தக் கோபம் போகலை. அப்புறம் நான் இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

இதை அவர் சொல்வது எத்தனையாவது தடவையோ. யாருக்கும் சலித்துத்தான் போகும்.

"தண்ணியாவது வச்சுட்டுப் போங்க."

முணுமுணுத்தபடி வெளியே போனவர், கைக்கு எட்டிய வெள்ளைக் கட்டியைப் பெயர்த்து வந்தார். உருகியதும் பானையில் பாதிகூட நிறையவில்லை.

"ஏழு வருஷமா இதையே கொண்டு வர்றீங்க! இதுல பாதி காத்து. அடியில இருக்கிற நீலக் கட்டியை வெட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மங்கையம்மா தானே எழுந்து போய், அதே அளவில் ஒரு நீலக் கட்டியைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தார். கனத்தில் கை தாழ்ந்தது.

"இதுல காத்தே இல்லையே. எப்படிப் போச்சு?"

"பானையில போடுங்க."

போட்டார். கட்டி படபடவென்று வெடித்தது. குமிழ்கள் கிளம்பிக்கொண்டே இருந்தன. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"போகலையே!"

"எங்க போகும்? பனி விழுந்தப்பவே உள்ள மாட்டிக்கிட்ட காத்து. வருஷாவருஷம் மேல பனி விழுந்து அமுக்கினதுல சின்னதாப் போச்சு. கட்டி கனமாச்சு."

பானை நிறைந்தது. கீழே சாலையில் ஊருக்குப் போகும் ஜீப் ஹாரன் அடித்தது. ஆவுடையப்பன் நகரவில்லை.

"அப்போ என்னோடது மட்டும் ஏன்மா சின்னதாகலை?"

மங்கையம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சா போச்சான்னு தினமும் தோண்டிப் பாக்கறீங்களே ஐயா, மேல பனி எங்க தங்கும்?"